எத்தனை டிகிரி? – ஃபேர்வே வுட்டும் என் தவறான கணக்கும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

கோல்ஃப் என்றதும் அது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுவர். நம் பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு அதில் என்ன வேலை என்று இதைப் படிக்கும் சிஸ்டர்களும் பெற்றோரும் வியக்கக்கூடும். எனக்கு அதில் வேலை உண்டு. என் தந்தை இருபத்தாறு ஆண்டுகளாக நம் உதகையில் கோல்ஃப் கேடியாக இருக்கிறார். கேடி என்றவுடன் தோழிகள் சிரிக்க வேண்டாம். காவல் நிலையத்துப் புத்தகத்தில் பெயர் உள்ள கேடி வேறு; ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு, பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த அடிக்கு எந்த மட்டை எடுக்கலாம் என்று ஆலோசனையும் சொல்பவர் இந்தக் கேடி. மூன்றாம் வகுப்பில் "உன் அப்பா என்ன செய்கிறார்?" என்று டீச்சர் கேட்டபோது இந்த வேறுபாட்டை விளக்கத் தெரியாமல் நான் அழுதது என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும்.

என் அண்ணன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சனி, ஞாயிறுகளில் அவனும் பை சுமக்கிறான். திங்கட்கிழமைகளில் மைதானத்துக்கு விடுமுறை; அன்று கேடிகள் விளையாடிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை கேடிகளுக்கு மட்டும் ஒரு போட்டி உண்டு. சென்ற ஆண்டு போட்டியில் முதல் ஐந்து இடங்களுக்குள் வருபவர்களைப் பயிற்சியாளருக்கு உதவியாளாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அண்ணன் நான்கு மாதம் காசு சேர்த்து, மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய மட்டை வாங்குவதென்று முடிவு செய்தான். எந்த மட்டை என்று என்னைக் கேட்டான். நான் சொன்ன பதில் தவறானது. எப்படித் தவறானது என்பதை அறிவியல் முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஃபேர்வே வுட் என்றால் என்ன என்று காண்போம். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை, தரையில் குத்திய சிறு ஆணிபோன்ற 'டீ'யின்மேல் பந்தை வைத்து அடிக்கலாம். (குடிக்கும் டீ அன்று.) அதற்குப் பெரும்பாலும் டிரைவர் என்னும் பெருந்தலை மட்டையைப் பயன்படுத்துவர். அடுத்த அடியைப் பந்து கிடக்கும் இடத்திலிருந்தே, புல்தரையிலிருந்தே அடிக்க வேண்டும். அந்த நீண்ட புல்வெளிக்கு ஃபேர்வே என்று பெயர். அங்கிருந்து பந்தை நெடுந்தூரம் அனுப்பப் பயன்படும் மட்டையே ஃபேர்வே வுட். வுட் என்றால் மரம். ஆனால் இன்றைய மட்டையின் தலையில் மரம் இல்லை. முன்பு பெர்சிமன் என்னும் மரத்தில் கடைந்து செய்தார்கள். 1979-இல் அமெரிக்காவில் கேரி ஆடம்ஸ் என்பவர் எஃகுத் தலையோடு ஒரு வுட்டை விற்கத் தொடங்கினார்; காலப்போக்கில் மரம் மறைந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் சில்வர் இருக்கிறதா என்ன?

ஃபேர்வே வுட்களுக்கு எண் உண்டு. பரவலாகக் கிடைப்பவை 3, 5, 7 ஆகியவை. எண் கூடக் கூட மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். செங்குத்துக் கோட்டிலிருந்து முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதே லாஃப்ட். 3-க்கு ஏறக்குறைய 15 டிகிரி, 5-க்கு 18, 7-க்கு 21. ஏறக்குறைய என்று நான் சொல்வதைக் கவனிக்கவும். எண்ணுக்கும் கோணத்துக்கும் சட்டம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 3 வேறொரு கம்பெனியின் 3-ஐவிட ஒன்றிரண்டு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே கடையில் எண்ணைப் பார்த்து வாங்காமல் கோணத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

கோணத்தை நாமே அளக்கலாம். நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் முக்கோணவியலே போதும். மட்டையை அடிக்கும்போது வைப்பதுபோல அடிப்பாகம் சமமாகப் படும்படி மேசைமேல் வைத்து, முகத்தின் நடுவில் ஒரு நேரான ஸ்கேலைச் சாய்த்து ஒட்டிவைக்க வேண்டும். பக்கத்தில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் செங்குத்துக் கோடு கிடைக்கும். 10 சென்டிமீட்டர் உயரம் ஏறுவதற்குள் ஸ்கேல் எத்தனை சென்டிமீட்டர் பின்னால் போகிறது என்று பார்க்க வேண்டும். 2.7 என்றால் 15 டிகிரி, 3.2 என்றால் 18, 3.8 என்றால் 21. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இந்த வேறுபாட்டில்தான் எங்கள் மூவாயிரம் ரூபாய் அடங்கியிருந்தது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

அப்பாவிடம் ஒரு முதியவர் கொடுத்த பழைய கோல்ஃப் பத்திரிகையில் ஓர் அட்டவணை இருந்தது. 15 டிகிரி வுட் 210 கெஜம் போகும், 18 டிகிரி 195 கெஜம், 21 டிகிரி 180 கெஜம் என்று அதில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். கோணம் குறைந்தால் தூரம் கூடும் என்பது பளிச்சென்று தெரிந்தது. அண்ணனுக்கும் 3-ஆம் எண் மேல்தான் ஆசை. தொலைக்காட்சியில் வரும் வீரர்கள் அதைத்தான் உருவுகிறார்கள். அப்பா மட்டும், "ஏழு வாங்குடா, உனக்கு அதுதான் சரிவரும்" என்றார். ஏன் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ அட்டவணை இருந்தது. "அப்பா, புத்தகத்துல போட்டிருக்கு பாருங்க" என்று நான் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நவம்பர் மாதம் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து 15 டிகிரி வுட் எங்கள் வீட்டுக்கு வந்தது.

மூன்று திங்கட்கிழமைகள் அண்ணன் அதை அடித்தான். பந்து முழங்கால் உயரத்தில் சீறிப் போய் மேட்டில் மோதி நின்றது. சில பந்துகள் புல்லிலேயே உருண்டன. நன்றாகப் பட்ட ஒன்றிரண்டு மட்டும் பறந்தன. பறந்து, திடீரென்று சுருண்டு விழுந்தன. பந்து எழவில்லை என்பதால் அவன் அதைத் தூக்கிவிடப் பார்த்தான். உடலைப் பின்னால் சாய்த்து, மணிக்கட்டை மடக்கி, கரண்டியால் அள்ளுவதுபோல அடித்தான். அப்போது மட்டை பந்தின் தலையில் பட்டு நிலைமை இன்னும் மோசமாயிற்று. "பந்தைத் தூக்குறது உன் வேலை இல்லைடா, அது மட்டையோட வேலை" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மட்டை தன் வேலையைச் செய்தால் அல்லவா இவன் சும்மா இருப்பான்? கோணம் போதாத மட்டை ஆட்டக்காரனின் அடியையும் கெடுத்துவிடும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. அவனுடைய ஷூவின் அடிப்பாகம் பிளந்திருந்ததையும், அந்தப் பணத்தில் ஷூ வாங்கியிருக்கலாம் என்பதையும் அம்மா மட்டும் ஒருமுறை சொன்னார்கள்.

நான் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் போனேன். சிஸ்டருக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். "ரோஜாத் தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் அடிக்கிறாயே, எந்தக் கோணத்தில் பிடித்தால் மிகத் தூரம் போகிறது?" என்றார்கள். "ஏறக்குறைய 45 டிகிரி, சிஸ்டர்" என்றேன். "அப்படியானால் உன் அண்ணனுடைய பந்து மட்டும் ஏன் 15-இல் அடிக்கப்படுகிறது? தண்ணீருக்கு இல்லாத எது பந்துக்கு இருக்கிறது? அதைக் கண்டுபிடித்து வா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் தேடினேன். தேடியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பந்துக்குச் சுழற்சி இருக்கிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் சாய்ந்த முகம் பந்தை முன்னே தள்ளுவதோடு, உராய்வால் அதைப் பின்னோக்கிச் சுழலவும் வைக்கிறது. ஃபேர்வே வுட்டால் சரியாக அடித்த பந்து நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் முறை சுழலும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுவதைப்போல அது பத்து மடங்கு. (உதகையில் நமக்கு மின்விசிறி தேவையில்லை, கோயம்புத்தூர் பெரியம்மா வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.) அப்படிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை இழுத்து, தனக்குப் பின்னால் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே என்பது சொல்லாமலே விளங்கும். பந்தின் மேலுள்ள குழிகளும் இதற்குத் துணைசெய்கின்றன. காற்றின் தடையையும் குறைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலில் செய்த வழவழப்பான பந்துகளைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகள் நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அதிலிருந்துதான் வேண்டுமென்றே பள்ளமிடும் வழக்கம் வந்தது.

ஆகக் கோல்ஃப் பந்து எறிந்த கல்லைப்போலச் செல்வதில்லை. ஓரளவு விமானத்தைப்போலச் செல்கிறது. அதனால்தான் அதை 45 டிகிரியில் ஏவ வேண்டியதில்லை. வுட்டால் அடித்த பந்து தரையைவிட்டுக் கிளம்பும் கோணம் லாஃப்ட்டைவிடவும் குறைவு. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும். மீதியைக் காற்று தூக்கிக்கொள்கிறது.

இங்கேதான் நான் தவறவிட்ட முடிச்சு இருக்கிறது. காற்று எவ்வளவு தூக்கும் என்பது பந்தின் வேகத்தைப் பொறுத்தது. வேகமாகப் போகும் பந்துக்கு நிறையத் தூக்கல்; மெதுவாகப் போகும் பந்துக்குக் கொஞ்சம். பந்தின் எடையோ யார் அடித்தாலும் ஒன்றுதான். விதிப்படி 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மட்டையை மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசும் தொழில்முறை வீரருக்கு 15 டிகிரி போதும். பந்தின் வேகமே அதைத் தூக்கி நிறுத்தும். அவர் 21 டிகிரியால் அடித்தால் பந்து தேவைக்கு மேல் உயர ஏறி, தூரத்தை இழக்கும். மெலிந்த உடம்போடு எழுபது எண்பது மைல் வேகத்தில் வீசுகிறவர்களுக்கு அதே 15 டிகிரியில் சுழற்சியும் போதாது, தூக்கலும் போதாது. பந்து தன் பயணத்தின் பாதியிலேயே விழுந்துவிடும். அவர்களுக்கு 18 அல்லது 21 டிகிரியே 15-ஐவிடத் தூரம் அனுப்பும். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அது யாரோ ஒரு வேகமான மனிதரின் அட்டவணை. அதன் தலைப்பில் வேகம் என்னும் கட்டம் ஒன்று இல்லை, நானும் அதைத் தேடவில்லை.

இதைச் சிஸ்டரிடம் சொன்னபோது, "சரி, உன் ஊர்க் காற்றைப் பற்றி ஏதாவது யோசித்தாயா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் இங்குள்ள காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் தடை குறையும். ஆகவே பந்து தூரம் போகும். சென்னையிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் முதல் நாள் பந்தைக் கிரீனுக்கு அப்பால் அடித்துவிட்டுத் திகைப்பதும், "சார், மலைமேல ஒரு மட்டை குறைச்சு எடுங்க" என்று அப்பா சொல்வதும் வழக்கம். (கிரீன் என்பது குழி இருக்கும் வழவழப்பான புல்திட்டு.) ஆனால் காற்று மெலிந்தால் தூக்கலும் குறையும் அல்லவா? இதை யாரும் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மெதுவாக அடிப்பவரின் பந்து கடலோரத்தில் எழும் அளவுக்குக்கூட இங்கே எழாது. ஆகவே மலை ஊரில் விளையாடுபவர், வேகம் குறைந்தவராக இருந்தால், சமவெளிக்காரரைவிடச் சற்று அதிகக் கோணம் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சரிவு. சமதரையே அரிதான எங்கள் மைதானத்தில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பந்து இறக்கத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணமானியில் நூல் கட்டி நான் அளந்தேன். அண்ணன் வழக்கமாக இரண்டாம் அடி அடிக்கும் ஓரிடத்தில் சரிவு 7 டிகிரி. இறக்கத்தில் நிற்பவன் சரிவை ஒட்டியே மட்டையை வீச வேண்டும். இல்லாவிட்டால் பந்துக்குப் பின்னால் மண்ணில் இடிக்கும். அப்போது மட்டையின் சாய்விலிருந்து சரிவின் டிகிரி கழிந்துபோகும். 15-இல் 7 போனால் மீதி 8. எட்டு டிகிரி என்பது டிரைவரின் முகத்தைவிடவும் நிமிர்ந்தது! டீயில் வைத்தே அடிக்கத் தயங்கும் கோணத்தை, இறக்கத்தில், புல்லுக்குள்ளிருந்து அடிக்கச் சொல்லி என் அண்ணனை நான்தான் அனுப்பியிருக்கிறேன். 21 டிகிரி மட்டையாக இருந்தால் 14 மிஞ்சும். ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு. 15 டிகிரி மட்டை 22 டிகிரிபோல நடந்துகொள்ளும். அங்கே 3-ஆம் எண் எவருக்கும் பறக்கும். அண்ணன் நன்றாக அடித்த ஒன்றிரண்டு பந்துகள் எங்கிருந்து அடித்தவை என்று யோசித்துப் பார்த்தோம். எல்லாம் ஏற்றத்திலிருந்துதான்.

புல்லும் ஒரு காரணம். நம் நீலகிரியில் பரவியிருக்கும் கிக்குயு புல் அடர்த்தியானது. பந்தை மேலே ஏந்தாமல் உள்ளே அமுக்கி வைத்துக்கொள்ளும். நிமிர்ந்த முகத்தைவிடச் சாய்ந்த முகமே அதற்குள் புகுந்து பந்தை எடுக்கும். 7-ஆம் எண்ணின் தண்டும் 3-ஐவிடக் குட்டை என்பதால் பந்தை முகத்தின் நடுவில் சந்திப்பது எளிது.

இவ்வளவும் தாளில் எழுதியது. இனிச் சோதனை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, அப்பாவின் நண்பர் ஒருவரிடம் 21 டிகிரி மட்டையை இரவல் வாங்கிக்கொண்டு மூவரும் போனோம். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. அதன்மேல் நடந்தால் புல் கருகும் என்று வெயில் ஏறும்வரை அப்பா எங்களைக் கால்வைக்க விடவில்லை. பிறகு ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்து. அப்பா காலடியால் கெஜம் எண்ணினார். நான் நோட்டில் எழுதினேன். 15 டிகிரியில் மிகச் சிறந்த அடி 172 கெஜம். 21 டிகிரியில் மிகச் சிறந்த அடி 166. அண்ணன், "பார்த்தியா, மூணுதான் ஜாஸ்தி" என்றான். நான் பத்தையும் கூட்டி வகுத்தேன். 15 டிகிரியின் சராசரி 121; 21 டிகிரியின் சராசரி 154. முதல் மட்டையில் நான்கு பந்துகள் எழவே இல்லை. இரண்டாவதில் ஒன்று மட்டும் எழவில்லை. சிறந்த அடியை நினைவில் வைத்துக்கொண்டு மட்டை வாங்குவது மனித இயல்பு போலும். போட்டியில் ஆட்டக்காரனோடு குழிக்குக் குழி நடந்து வருவது சராசரி அடியல்லவா?

தூரத்தைத் தவிர இன்னொன்றும் கண்டோம். 21 டிகிரிப் பந்து உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நின்றது. கிரீனை நோக்கி அடிக்கும்போது இது பெரும் உதவி. சுவீடன் நாட்டின் ஆனிக்கா சோரன்ஸ்டாம், பெண்கள் கோல்ஃபில் தலைசிறந்தவர்களுள் ஒருவர், 7-ஆம் எண் வுட்டைத் தம் பையில் வைத்திருந்தவர். அமெரிக்காவின் டஸ்டின் ஜான்சன் மிக வேகமாக அடிப்பவர். அவரும்கூட 2020-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றபோது ஒரு 7-ஆம் எண்ணை வைத்திருந்தார். ஆகவே அது பெண்கள் மட்டை, கிழவர்கள் மட்டை என்று கேடிகள் சிலர் கேலிசெய்வது சரியன்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றதை அறிவீர்கள். வெண்கலம் ஒரே ஓர் அடியில் தவறியது. அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். மற்றவர்கள் குட்டை மட்டையால் அடித்த இடங்களில் அவர் நீள மட்டைகளை நம்பியே விளையாடினார். அந்தப் போட்டியில் அவருக்குப் பை சுமந்தவர் அவருடைய தாயார். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை.

இக்காலத்தில் திருகாணியைத் தளர்த்திக் கோணத்தை ஒன்றரை டிகிரி அளவுக்குக் கூட்டிக் குறைக்கும் மட்டைகளும் உள்ளன. கோணத்தைக் கூட்டினால் முகம் சற்று இடப்பக்கம் மூடிக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் திருகுவதும் விதிப்படி குற்றம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் மட்டையில் திருகாணியே கிடையாது.

பையில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். விதி பதினான்கு மட்டைகள்வரை அனுமதிக்கிறது. அண்ணனிடம் இருந்தவை பழைய டிரைவர் ஒன்று, 5, 7, 9 என்ற எண்ணுள்ள இரும்பு மட்டைகள், குழியருகே உருட்டும் பட்டர் ஒன்று. டிரைவருக்கும் 5-ஆம் இரும்புக்கும் இடையில் ஒரே ஒரு வுட். பதினான்கு வைத்திருப்பவர் 3-ஐயும் வைத்துக்கொள்ளலாம், 7-ஐயும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று வாங்க முடிந்தவர், ஏற்றத்திலும் இறக்கத்திலும் அடர்ந்த புல்லிலும் எது வேலை செய்யுமோ அதைத்தான் வாங்க வேண்டும். அது 18-ஆகவோ 21-ஆகவோதான் இருக்க முடியும்.

மட்டையை விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார், அவர்மேல் குற்றமில்லை. வழி பிறந்தது வேறிடத்தில். எங்களுக்கு இரவல் கொடுத்தவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், மரம் வெட்டும் தோளுடையவர். அவர் 21 டிகிரியால் அடித்தால் பந்து வானத்தில் ஏறிக் குத்தென்று விழும். எங்கள் 15 டிகிரியைக் கையில் வாங்கி ஒரு பந்து அடித்தார். அது தாழ்வாகக் கிளம்பி, மெல்ல எழுந்து, யூக்கலிப்டஸ் மரங்களின் உச்சியை ஒட்டிப் போய்க்கொண்டே இருந்தது. என் அண்ணனை மூன்று வாரம் வதைத்த அதே மட்டைதான்! மாமா திரும்பிப் பார்த்து, "பாப்பா, மாத்திக்கலாமா?" என்றார். மாற்றிக்கொண்டோம்.

போட்டி பிப்ரவரியில் நடந்தது. அண்ணன் எட்டாம் இடம். இறக்கத்தில் இருந்த அந்த 7 டிகிரி இடத்திலிருந்து இரண்டாம் அடியைக் கிரீனின் ஓரத்தில் நிறுத்தினான்; அங்கே நின்றிருந்த அப்பா என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அதற்குப் பிறகு அங்கேயே மூன்று முறை உருட்டித்தான் பந்து குழிக்குள் போயிற்று. அன்று முழுவதும் அப்படித்தான்; பறக்க வேண்டிய பந்துகள் பறந்தன, உருள வேண்டியவை உருளவில்லை. பட்டருக்கும் மூன்று நான்கு டிகிரி லாஃப்ட் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். அண்ணன் புது ஷூ வாங்கும்வரை அதைப் பற்றி வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.